பொட்டு அழியும் வரை

"அந்தப் புள்ளையே கழட்டிருச்சுங்க ஐயா. கவரைத் தொடாதே தொடாதேன்னு நாங்களும் எத்தனையோ வாட்டி சொல்லியிருக்கறமுங்க. கேக்கோணுமே!"

பொன்னுசாமி இதைச் சொன்னபோது அவர் முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றியில் பளிச்சென்று திருநீறு. சேலத்தில் தொழிலாளர் துறை அலுவலகத்தின் மாடியில், வேலையிடத்து விபத்து வழக்குகளை விசாரிக்கும் அறை அது. மேலே மின்விசிறி கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது, காற்று மட்டும் வரவில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் விசாரணை அதிகாரி, இந்தப் பக்கம் சாட்சி நாற்காலியில் பொன்னுசாமி. மல்லசமுத்திரம் பக்கம் ஜவ்வரிசி செய்கிற சேகோ ஆலை வைத்திருப்பவர்.

சுவரோரப் பெஞ்சில் என் கட்சிக்காரி மல்லிகா உட்கார்ந்திருந்தாள். அந்த ஆலையில் குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளியை அரைக்கும் இயந்திரத்தின் பெல்ட்டில் வலது கையைப் பறிகொடுத்தவள். சேலைக்கு மேல் போட்டிருந்த சட்டையின் ஒரு கை காலியாகத் தொங்கியது.

பொன்னுசாமி "அந்தப் புள்ளையே" என்றதும் மல்லிகா தலையைக் குனிந்துகொண்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது அதைப் பார்த்துத்தான். பொய் சொல்கிறவர் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார், கையை இழந்தவள் எதற்காகக் குனிய வேண்டும்?

ஏன் இத்தனை கோபம்?

இந்தத் தொடரின் போன வாரத்து அத்தியாயத்தைப் படித்துவிட்டு ஆத்தூரிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருந்தார். "அம்மா, உங்கள் அனுபவங்கள் நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் எப்போது பார்த்தாலும் சண்டைக்கு நிற்கிற மாதிரியே எழுதுகிறீர்கள். கொஞ்சம் மெதுவாகச் சொன்னால் என்ன?"

நியாயமான கேள்விதான். ஆனால் மெதுவாகச் சொல்வது எங்கள் வீட்டுப் பழக்கத்திலேயே கிடையாது.

என் அப்பா குமாரபாளையத்தில் விசைத்தறி ஓட்டியவர். தறிக்கூடத்துக்குள் ஒரு நாள் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே மனிதக் குரலுக்கு வேலையில்லை. அப்பாவுக்கு நாற்பது வயதுக்குள் இரண்டு காதும் மந்தமாகிவிட்டன. அவருக்குக் கேட்க வேண்டும் என்று அம்மா கத்துவாள், அம்மாவுக்குப் பதில் சொல்ல நாங்கள் கத்துவோம். உப்புக் கொஞ்சம் கூடுதல் என்று சொல்வதுகூடத் தெருமுனைக்குக் கேட்கும். புதிதாகக் குடிவந்த பக்கத்து வீட்டுக்காரர்கள் ஏதோ வெட்டுக்குத்து என்று நினைத்து ஓடிவந்திருக்கிறார்கள்.

நான் தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு நீதிபதி, "ஏம்மா, நான் இங்கதானே இருக்கேன், எதுக்கு இப்படிக் கத்துறீங்க?" என்றே கேட்டுவிட்டார். அறையே சிரித்தது. நானும் சிரித்துவிட்டு உட்கார்ந்தேன். அப்பாவின் காதைப் பற்றி அவரிடம் சொல்லத் தோன்றவில்லை.

அந்தக் காதுகளுக்காக யாரும் ஒரு பஞ்சு உருண்டைகூடக் கொடுத்ததில்லை. தறிக்காரன் என்றால் காது கேட்காது என்று ஊரே சாதாரணமாகப் பேசிக்கொள்ளும். அந்தச் 'சாதாரணம்'தான் என்னைச் சட்டம் படிக்க அனுப்பியது. ஆகவே ஆத்தூர் நண்பரே, மெதுவாகச் சொல்வது என்னால் ஆகாத காரியம்.

"எதிர்பாராதவிதமாக"

மல்லிகாவுக்கு விபத்து நடந்தது தீபாவளிக்குச் சில நாட்கள் முன்பு. கிழங்கு வரத்துத் தொடங்கும் காலம். ஆலை வாசலில் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். உள்ளே நுழைந்தால் திப்பியின் புளித்த வாடை மூக்கைப் பிடித்துக்கொள்ளும். திப்பி என்றால் கிழங்கில் மாவைப் பிழிந்த பிறகு மிஞ்சுகிற சக்கை. இரண்டு முறை குளித்தாலும் அந்த வாடை முடியை விட்டுப் போகாது.

பத்திரிகையில் செய்தி வந்திருந்தது. ஒரு மூலையில், பெட்டி கட்டி: "எதிர்பாராதவிதமாக இயந்திரத்தில் கை சிக்கியது."

இந்த 'எதிர்பாராதவிதமாக'வைப் படிக்கும்போதெல்லாம் பேப்பரைக் கிழித்துப் போடலாம் போல் இருக்கிறது. யார் எதிர்பார்க்கவில்லை? மோட்டாரிலிருந்து அரைக்கும் உருளைக்குப் போகும் பெல்ட் திறந்து கிடக்கிறது. அது சுற்றுகிற வேகத்தில் கண்ணுக்கே தெரியாது. அதற்கு ஒரு முழம் தள்ளி நின்றுகொண்டு ஒரு பெண் காலையிலிருந்து மாலை வரை கிழங்கைத் தள்ளிவிடுகிறாள். தரையெல்லாம் மாவுத் தண்ணீர், வழுக்கல். இதில் எதிர்பாராதது என்ன இருக்கிறது? அவள் அத்தனை நாள் முழுக் கையோடு வீட்டுக்குப் போனதுதான் எதிர்பாராதது.

இதற்கு அண்ணன் தம்பி சொற்களும் உண்டு. குமாரபாளையத்தில், தறியில் நூலோடு குறுக்கே ஓடுகிற நாடா தெறித்துக் கண் போன தறிக்காரர் ஒருவருக்காக ஆஜரானேன். அவருடைய முதலாளி என் அலுவலகத்துக்கே வந்து, ஆப்பிள் பையை மேசைமேல் வைத்துவிட்டு, "அவனுக்கு அப்பக் கிரகம் செரியில்லீங்க" என்றார். நாடா தெறிக்காமல் தடுக்கிற கம்பித் தடுப்பைத் தறியில் மாட்டாதது எந்தக் கிரகம் என்று கேட்டேன். ஆப்பிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மல்லிகா விஷயத்தில் கிரகத்தையும் விதியையும் சொல்லியிருந்தால்கூட ஒரு வகையில் பரவாயில்லை. பொன்னுசாமி அதைவிட மோசமான ஒன்றைச் சொன்னார். பெல்ட்டை மூடியிருந்த இரும்பு வலைக் கூட்டை, அவர்கள் 'பெல்ட் கவர்' என்பதை, அவளே கழற்றினாள் என்றார்.

செத்திருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காது

இதை ஏன் அவர் பிடித்துக்கொண்டார் என்பதற்குச் சட்டத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பயப்படாதீர்கள், சுருக்கமாகச் சொல்கிறேன்.

வேலை செய்யும்போது விபத்து நேர்ந்தால் முதலாளி இழப்பீடு தர வேண்டும். யார் தப்பு என்று பொதுவாகப் பார்ப்பதில்லை. ஆனால் சில விலக்குகள் உண்டு. பாதுகாப்புக்காக வைத்த கருவி என்று தெரிந்தும் தொழிலாளி அதை வேண்டுமென்றே கழற்றி, அதனால் அடிபட்டிருந்தால் முதலாளி கைவிரித்துவிடலாம்.

அந்த விலக்குக்கும் ஒரு விலக்கு உண்டு. தொழிலாளி செத்துப்போனாலோ, இனி எந்த வேலைக்கும் ஆகாதபடி முழுதாக முடங்கினாலோ இந்தச் சாக்கைச் சொல்ல முடியாது. கை ஒன்று போனால் அது சட்டத்தின் கணக்கில் பகுதி முடக்கம். இன்னொரு கை இருக்கிறதல்லவா!

ஆக, அந்த பெல்ட் மல்லிகாவை முழுதாக இழுத்துக்கொண்டிருந்தால் பொன்னுசாமியின் வாயில் இந்தப் பொய்யே வந்திருக்காது. அவள் பிழைத்ததால்தான் அவள்மேல் பழி விழுந்தது. இத்தனை வருடம் கறுப்புக் கோட்டுப் போட்ட பிறகும் இந்த இடத்துக்கு வரும்போது எனக்கு ரத்தம் கொதிக்கிறது.

பழி அந்த அறையோடு நிற்கவில்லை. அதுதான் மல்லிகாவை அரித்தது. அவள் கணவன் முருகேசன் ரிக் வண்டியில் போகிறவன். திருச்செங்கோட்டு ஆழ்துளைக் கிணற்று லாரியோடு வடக்கே போனால் ஊர் திரும்ப மாதக் கணக்கில் ஆகும். விபத்துச் செய்தியை அவனுக்குப் போனில் சொன்னவரே பொன்னுசாமிதான். "உன்ற பொண்டாட்டி சொன்ன பேச்சுக் கேக்காம கவரைக் கழட்டிருச்சப்பா" என்று சொல்லியிருக்கிறார். ரயிலேறி, பஸ் மாறி, ஆஸ்பத்திரி வார்டுக்கு வந்து நின்றவன் மனைவியிடம் கேட்ட முதல் கேள்வி, "ஏண்டி அதப் போயிக் கழட்டுன?"

வலிக்கிறதா என்று அவன் கேட்கவில்லை. மல்லிகா என்னிடம் இதைச் சொன்னபோது அழவும் இல்லை. "நா இல்லீங்கன்னு சொன்னனுங்க வக்கீலம்மா. செரி உடுன்னு திரும்பிக்கிட்டாருங்க" என்றாள்.

புருஷன் சட்டை

பொன்னுசாமியின் வக்கீல் இன்னொரு குற்றத்தையும் கண்டுபிடித்திருந்தார். அவரும் எனக்குத் தெரிந்தவர்தான், கேன்டீனில் பஜ்ஜியைப் பங்கு போட்டுக்கொள்வோம். மல்லிகாவைக் குறுக்கு விசாரணை செய்தபோது, "நீங்க உங்க அளவுக்குப் பொருந்தாத தொளதொளன்னு சட்டை போட்டிருந்தீங்க, அதனாலதான் கை சிக்குச்சு, சரிதானே?" என்றார்.

நம் பக்கத்தில் காட்டு வேலையோ, கட்டட வேலையோ, ஆலை வேலையோ, பெண்கள் சேலைக்கு மேல் வீட்டு ஆண்களின் பழைய சட்டையைப் போட்டுக்கொள்வார்கள். வெயிலுக்கும் அதுதான், தூசிக்கும் அதுதான், மேஸ்திரியின் கண்ணுக்கும் அதுதான். நூறு நாள் வேலைக்குப் போகிறவர்களைப் பாருங்கள், தெரியும்.

"ஆமாங்க, எங்க ஊட்டுக்காரர் சட்டைங்க" என்றாள் மல்லிகா, ஏதோ திருடிப் போட்டுக்கொண்ட மாதிரிக் குரலை இறக்கி.

நான் எழுந்தேன். அளவுக்குப் பொருந்துகிற வேலைச் சட்டை ஒன்றை ஆலை என்றைக்காவது இவளுக்குத் தைத்துக் கொடுத்ததா என்று கேட்டேன். என் குரல் கீழ்த்தளத்து டீக்கடை வரைக்கும் கேட்டதாகப் பிறகு சொன்னார்கள். கேட்கட்டும்.

பூசைக்குக் கழட்டினது

சரி, கவரைக் கழற்றியது யார்?

இதை மல்லிகாவிடம் நான் கேட்டது வழக்கைத் தொடங்கிய காலத்திலேயே, என் அலுவலகத்தில். ஏதோ பெரிய சதியை எதிர்பார்த்துப் பேனாவைத் திறந்து வைத்திருந்தேன். அவள் சர்வசாதாரணமாகச் சொன்னாள்.

"அது பூசைக்குக் கழட்டுனதுங்க."

"எந்தப் பூசைக்கு?"

"ஆயுத பூசைக்குங்க. மிஷினெல்லாங் கழுவி, சந்தனம் குங்குமம் வெப்பாங்கல்லங்க. புல்லிக்குப் பொட்டு வெக்கோணுமுன்னா கவரு இருந்தா ஆகாதுங்களே. ஃபிட்டரு கழட்டி வெச்சிருவாருங்க."

புல்லி என்பது பெல்ட் ஓடுகிற இரும்புச் சக்கரம்.

"பூசைதான் முடிஞ்சிருச்சே. அப்புறம் ஏன் மாட்டல?"

மல்லிகா என்னை விசித்திரமாகப் பார்த்தாள். இவ்வளவு படித்தும் இதுகூடத் தெரியாதா என்கிற பார்வை.

"மாட்டுனா பொட்டு அழிஞ்சிருமுங்களே வக்கீலம்மா. கவர எறக்கும்போது ஒரசி வழிச்சுக்கிட்டுப் போயிருமுங்க. சாமிக்கு வெச்ச பொட்ட நாமளா அழிக்கலாமுங்களா? அது தானா அழியற வரைக்கும் அப்புடியேதானுங்க உட்டுருப்பாங்க. வருசா வருசம் அப்புடித்தானுங்க."

பேனாவை மூடி வைத்துவிட்டேன். என்ன எழுதுவது? கையை இழந்தவளே அதை ஒரு தவறாகப் பார்க்கவில்லை. அந்த ஆலையில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும், பூசை முடிந்து சந்தனம் உதிர்ந்து போகும் வரை பெல்ட் திறந்துதான் ஓடும். அதுவும் கிழங்கு குவிகிற காலத்தில், முழு ஓட்டமாக. ஒருவருக்கும் அது உறுத்தவில்லை.

எங்கள் வீட்டிலும் பூசை உண்டு. அப்பா தறிக்குப் பட்டை போட்டுப் பொட்டு வைத்து, சூடம் காட்டிக் கும்பிடுவார். சோறு போடுகிற பொருளைக் கும்பிடுகிற அந்தப் பழக்கத்தின்மேல் எனக்கு இன்றைக்கும் மரியாதை இருக்கிறது. என் கோபம் சாமிமேல் இல்லை. இரும்புச் சக்கரத்தின் நெற்றியில் வைத்த சந்தனம் கலையக் கூடாது என்று அக்கறைப்பட்டவர்கள், அதன் பக்கத்தில் நிற்கிற பெண்ணின் கைக்கு அதில் கால்வாசி அக்கறையாவது படக் கூடாதா என்பதுதான்.

ஆனால் இதை எப்படி நிரூபிப்பது? கூட வேலை செய்கிற பெண்களைச் சாட்சிக்குக் கூப்பிட்டோம். "நாங்க பாக்கலீங்க" என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், கிழங்கு வருகிற மாதங்களில்தான் அவர்கள் வீட்டில் அடுப்பு ஒழுங்காக எரியும். ஃபிட்டர் ஊரிலேயே இல்லை என்று சொல்லிவிட்டார்கள். மிச்சம் இருந்தது பொன்னுசாமியின் வாய் ஒன்றுதான்.

பக்தி விசாரணை

இனி அந்த மாடி அறைக்குத் திரும்புகிறேன்.

நான் எழுந்ததும் பொன்னுசாமி நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டார். என் குரலைப் பற்றி அவருடைய வக்கீல் முன்கூட்டியே சொல்லி வைத்திருக்க வேண்டும். நான் கத்தவில்லை. வாழ்க்கையில் மெதுவாகப் பேசிய வெகு சில நாட்களில் அது ஒன்று.

"ஆலையில ஆயுத பூசையெல்லாம் விமரிசையாச் செய்வீங்களாங்க?"

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அதுல ஒரு கொறையும் வெக்க மாட்டமுங்க மேடம். எங்கப்பாரு காலத்துல இருந்து நடக்குதுங்க. வேல செய்யறவங்க அத்தன பேருக்கும் துணிமணி, பொரி, சுண்டல், சாப்பாடு, எல்லாமுங்க."

"மிஷினுக்கு யார் பொட்டு வைப்பாங்க?"

"நாந்தானுங்க. வேற ஆள உடமாட்டனுங்க."

"எதெதுக்கு வைப்பீங்க?"

"மோட்டாருக்கு, உருளைக்கு, சல்லடைக்கு, புல்லிக்கு, எல்லாத்துக்குமுங்க. ஒண்ணுகூட உடமாட்டனுங்க."

"புல்லிமேலதான் கவர் இருக்குமே?"

"கழட்டிட்டுத்தானுங்க வெக்கறது. ஃபிட்டர் கழட்டிக் குடுத்துருவாருங்க."

எதிர்த்தரப்பு வக்கீல் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தார். பொன்னுசாமி அவரைப் பார்க்கவில்லை. பூசையைப் பற்றிப் பேசுகிற உற்சாகத்தில் இருந்தார்.

"பொட்டு வச்சதும் உடனே கவரை மாட்டிடுவீங்க. கொஞ்சம் சந்தனம் அழிஞ்சா அழிஞ்சிட்டுப் போகுது, இல்லீங்களா?"

"அதெப்புடிங்க!" என்றார். நான் ஏதோ அசிங்கமாகச் சொல்லிவிட்டதைப் போல அவர் குரல் உயர்ந்தது. "சாமிக்கு வெச்சத நாமளே வழிச்சுப் போடறதுங்களா? ஊட்டுக்கு ஆகுமுங்களா அது? தானா அழியோணுமுங்க. நாங்களா அழிச்சதே இல்லீங்க, ஒரு வருசங்கூட!"

"அதுவரைக்கும் கவர்?"

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அவருடைய வக்கீல் எழுந்து, இது வழக்குக்குச் சம்பந்தமில்லாத கேள்வி என்றார். விசாரணை அதிகாரி கையைக் காட்டி அவரை உட்காரச் சொன்னார். தட்டச்சு செய்துகொண்டிருந்த பெண் விரல்களை நிறுத்திவிட்டு பொன்னுசாமியைப் பார்த்தாள்.

"சொல்லுங்க," என்றார் அதிகாரி, "அந்தப் பொண்ணுக்கு அடிபட்ட அன்னைக்குப் புல்லியில பொட்டு இருந்துச்சா?"

ஒரு சின்னப் பொய் போதும். 'இல்லீங்க, விஜயதசமி அன்னைக்கே துடைச்சிட்டுக் கவரை மாட்டிட்டமுங்க' என்று சொல்லியிருந்தால் என் வழக்கு அங்கேயே படுத்திருக்கும். அதை மறுக்க என்னிடம் ஒரு ஆதாரமும் இல்லை. பொன்னுசாமிக்கும் அது தெரியும். வாயைத் திறந்தார், மூடினார், நெற்றியைத் துடைத்தார். கையில் திருநீறு ஒட்டிக்கொண்டு வந்தது.

"இருந்துச்சுங்க" என்றார்.

ஒரு பெண்ணின்மேல், அவள் எதிரிலேயே, சத்தியப் பிரமாணம் எடுத்துக்கொண்டு பொய் சொன்னவர் இவர். அதற்கு அவருக்கு நாக்குக் கூசவில்லை. சாமி பொட்டை நானே துடைத்தேன் என்று சொல்லத்தான் கூசியது. அந்தப் பயத்தில் ஒரு துளியை மல்லிகாவின் கைக்காக அவர் பட்டிருந்தால் நாங்கள் யாரும் அந்த அறையில் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. ஜெயித்துவிட்டோம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. சந்தோஷம் மட்டும் வரவில்லை.

ஒரு வரி

உத்தரவு வந்ததும் மல்லிகாவையும் முருகேசனையும் வரச் சொன்னேன். அவன் அப்போது ஊரில் இருந்தான். இழப்பீட்டு விவரத்தைச் சொல்ல ஆரம்பித்தேன். மல்லிகா குறுக்கிட்டாள்.

"நாங் கழட்டலைன்னு அதுல எழுதியிருக்குதுங்களா?"

"எழுதியிருக்கு."

"அத மட்டும் சத்தமாப் படிங்க வக்கீலம்மா."

படித்தேன். சத்தமாகப் படிப்பதில்தான் எனக்கு ஒரு குறையும் இல்லையே. பாதுகாப்பு உறையை மனுதாரர் அகற்றவில்லை, எதிர்மனுதாரரின் ஏற்பாட்டின்படியே அது அகற்றப்பட்டிருந்தது என்கிற வரி. மல்லிகா அந்த நேரம் என்னைப் பார்க்கவே இல்லை. முருகேசனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் தரையைப் பார்த்தான். அப்புறம், "செரி, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று எழுந்துகொண்டான்.

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுகூட அவனுக்குத் தோன்றவில்லை. போய் அவன் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போல் இருந்தது. மல்லிகா கண்ணாலேயே என்னை வேண்டாம் என்று தடுத்தாள்.

விஜயதசமி

இங்கேயே முடித்திருந்தால் இது ஒரு வெற்றிக் கதை. ஆனால் இழப்பீட்டு உத்தரவுக்கு ஒரு புல்லியை மூடிவைக்கிற சக்தி கிடையாது. அது போன கைக்குத்தான் பேசும், இருக்கிற கைகளைப் பற்றிப் பேசாது. ஆகவே தொழிற்சாலை ஆய்வுத் துறைக்குத் தனியாகப் புகார் எழுதினேன். அதிகாரிகள் வந்தார்கள். அன்றைக்குக் கவர் மாட்டியிருந்தது. சரியாக இருக்கிறது என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். நான் போனில் கத்தியதற்கு, "நாங்க போனப்ப இருந்துச்சு மேடம், வேற என்ன பண்ணச் சொல்றீங்க?" என்று பதில் வந்தது.

அடுத்த ஆயுத பூசை வந்தது. அன்று மாலை மல்லிகா போன் செய்தாள்.

"வக்கீலம்மா, எங்க கொழுந்தனாரு மக கவியா அந்த மில்லுலதாஞ் சேந்திருக்குதுங்க. நா நின்ன எடத்துலயே நிறுத்தியிருக்கறாங்க. வேண்டாங்கண்ணுன்னு எவ்வளவோ சொன்னனுங்க, காலேசுக்குப் பீசு கட்டோணும் பெரிம்மாங்குது. நாளைக்குக் காலீல மிஷின் ஓட்டறாங்க. நா அங்க போறனுங்க. நீங்களும் வாரீங்களா?"

"வாரேன்" என்றேன். அவளோடு பேசிப் பேசி என் ஊர்ப் பேச்சு எனக்குத் திரும்ப ஒட்டிக்கொண்டிருந்தது.

போகிற வழியெல்லாம் என்ன செய்யப் போகிறோம் என்றே எனக்குத் தெரியவில்லை. ஆலை வாசலில் வாழைக் கன்று கட்டியிருந்தது. உடைத்த பூசணிக்காயின் குங்குமச் சிவப்பை மிதிக்காமல் தாண்டிப் போனோம். பொன்னுசாமியின் மனைவி எங்களைப் பார்த்ததும் ஒரு கணம் திகைத்து, பிறகு வாய் நிறையக் கூப்பிட்டார்.

"வாங்க வக்கீலம்மா, வா மல்லிகா! பொரி எடுத்துக்கங்க. ஒக்காருங்க, காப்பித்தண்ணி வெக்கச் சொல்றேன்."

எங்கள் பக்கத்து மனிதர்கள் இப்படித்தான். கோர்ட்டில் உன் தலையில் பழி போடுவார்கள், வாசலுக்கு வந்துவிட்டால் காப்பி கொடுக்காமல் அனுப்ப மாட்டார்கள். பல சமயம் இது எனக்குப் பிடிக்கும். அன்றைக்குப் பிடிக்கவில்லை.

கொட்டகைக்குள் இயந்திரம் மாலை போட்டுக்கொண்டு நின்றது. கழுவித் துடைத்த இரும்பில் சந்தனமும் குங்குமமும். புல்லியின் நடுவில் பெரிதாக ஒரு பொட்டு. விசாரணை நடந்தபோது ஊரிலேயே இல்லாத ஃபிட்டர் பக்கத்தில் நின்றார். கழற்றிய பெல்ட் கவர் சுவரோரம் குப்புறக் கிடந்தது, அதன்மேல் பெண்கள் தங்கள் சாப்பாட்டுத் தூக்குகளை வரிசையாக வைத்திருந்தார்கள். கிழங்குக் குவியலின் பக்கத்தில் கவியா நின்றாள். ஒல்லியான பெண். அப்பாவின் சட்டை முழங்கால் வரை தொங்கியது.

பொன்னுசாமி சூடத்தைக் காட்டிவிட்டு சுவிட்ச் பக்கம் போனார். நான் பேச வாயெடுத்தேன். சட்டப் பிரிவுகள் எல்லாம் நாக்கு நுனியில் நின்றன.

மல்லிகா எனக்கு முன்னால் நடந்துவிட்டாள். யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேராக இயந்திரத்திடம் போனாள். முந்தானையை இடது கையில் சுருட்டிப் பிடித்து, புல்லியின் மேலிருந்த பொட்டை அழுத்தித் துடைத்தாள். சந்தனம் ஈரமாகத்தான் இருந்தது. ஒரு முறை துடைத்ததில் குங்குமம் பரவி இரும்பெல்லாம் சிவப்பாக இழுபட்டது. மறுபடி துடைத்தாள், இரும்பு தெரிகிற வரைக்கும்.

"அய்யோ, என்ற சாமி!" என்று பொன்னுசாமியின் மனைவி அலறினார். "நல்ல நாளும் அதுவுமா, பொட்டப் போயி அழிக்கறயேடி! அதும் பீச்சாங்கையில!"

மல்லிகா திரும்பிப் பார்த்தாள்.

"எனக்கு இருக்கறதே இந்தக் கை ஒண்ணுதானுங்களே."

பொன்னுசாமியின் கை சுவிட்சின் மேல் அப்படியே நின்றது.

"பொட்டு அழிஞ்சிருச்சுங்க," என்றாள் மல்லிகா. "பாவமுன்னா அது எனக்கு வரட்டும். இனிக் கவர மாட்டச் சொல்லுங்க."

யாரும் நகரவில்லை. பிறகு பெண்களில் ஒருத்தி போய்க் கவரின் மேலிருந்த தன் தூக்கை எடுத்துக்கொண்டாள். அவளைப் பார்த்து இன்னொருத்தியும் எடுத்தாள். கவர் காலியானதும் ஃபிட்டர் பொன்னுசாமியின் முகத்தை ஒரு முறை பார்த்தார், அவர் சுவிட்சிலிருந்து கையை எடுத்தார். ஃபிட்டர் கவரைத் தூக்கி வந்து இறக்கி, ஸ்பானரை எடுத்து போல்ட்டை முறுக்க ஆரம்பித்தார்.

மல்லிகா கவியாவின் தோளைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்து நிறுத்திக்கொண்டாள். கடைசி போல்ட் இறுகும் வரை அவளை இயந்திரத்தின் பக்கம் விடவில்லை.